மலையின் உறுதியும் துளைக்கல்லின் சாட்சியும்

உறுதிக்கு உவமை தேடும்போது கல்லையும் மலையையும் ஒன்றாகவே எண்ணுவது நம் வழக்கம். ஒருவரைக் கல்லைப் போல் உறுதியானவர் என்கிறோம். மற்றொருவரை மலையைப் போல் அசையாதவர் என்கிறோம். ஆனால் அணை கட்டும் பொறியாளருக்கும் சுரங்கம் குடைபவருக்கும் கல் வேறு, மலை வேறு. கையில் எடுத்துப் பார்க்கும் ஒரு கல் துண்டு இரும்புக்கு நிகராக இருக்கலாம். அதே கல்லால் ஆன மலையோ ஆயிரம் பிளவுகளைத் தன்னுள் மறைத்துக்கொண்டு நிற்கலாம். சாந்து பூசாமல் அடுக்கி வைத்த செங்கற் சுவரின் உறுதி, தனிச் செங்கல்லின் உறுதியாகுமா? ஆகாது அன்றோ? அதுபோலவே மலையின் உறுதியைத் தீர்மானிப்பவை கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள பிளவுகளே. கண்ணுக்குத் தெரியாத அப்பிளவுகளை நிலத்தின் மேல் நின்றுகொண்டே எண்ணுவது எவ்வாறு? எண்ணியதிலிருந்து அந்த மலை எவ்வளவு பாரம் தாங்கும், பாரம் ஏறினால் எவ்வளவு அமுங்கும் என்று கணிப்பது எவ்வாறு? இவ்விரண்டையும் இன்று காண்போம்.

திருவனந்தபுரத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் தமிழ் மக்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. மலைநாட்டில் வாழ்பவர் அனைவரும் ஏதோ ஒரு பாறையை நம்பியே வாழ்கின்றனர். இம்மாவட்டத்து நெய்யாறு அணை 1958-ஆம் ஆண்டு முதல் பாறையின் மீது நிற்கிறது. பட்டத்தில் உள்ள மின்வாரியத் தலைமையகத்தின் பொறுப்பில் இயங்கும் இடுக்கி அணை, இரண்டு மலைகளைத் தோள்களாகக் கொண்டு நிற்கிறது. விழிஞ்ஞம் துறைமுகத்தைப் பாலராமபுரத்தோடு இணைக்கத் திட்டமிடப்பட்டுள்ள இரயில் பாதையின் நீளம் 10.7 கிலோமீட்டர், அதில் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நிலத்தடியில் செல்லும்படி வகுக்கப்பட்டிருக்கிறது. பாலராமவர்மா மகாராஜாவின் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய சாலியர்களின் தறி ஓசை கேட்கும் ஊர் பாலராமபுரம். அவ்வூரிலிருந்து கடற்கரை வரை நிலத்தின் வயிற்றைக் குடைந்து செல்ல நினைப்பவர், முதலில் அந்த வயிற்றுக்குள் இருப்பது யாது என்று அறிந்தாக வேண்டும்.

பாறையிடம் நாம் எதிர்பார்ப்பவை இரண்டு. ஒன்று, அது உடையாமல் தாங்க வேண்டும். இதனை வலிமை என்கிறோம். மற்றொன்று, பாரம் ஏறும்போது அது அளவுக்கு மீறி அமுங்கலாகாது. எவ்வளவு அழுத்தத்துக்கு எவ்வளவு அமுங்கும் என்பதைக் காட்டும் எண்ணை உருமாற்றக் குணகம் என்று சொல்லலாம். குணகம் பெரிதாயின் பாறை விறைப்பானது, சிறிதாயின் நெகிழ்வானது. நெய்யாற்றில் உள்ளது போன்ற எடை அணை, தன் எடையாலேயே நீரைத் தடுத்து நிற்கிறது. இடுக்கி அணையோ வளைவு அணை. 168.91 மீட்டர் உயரமுள்ள அவ்வணை குறவன், குறத்தி என்னும் இரு மலைகளுக்கு நடுவே வில்லைப் போல் வளைந்து, நீரின் தள்ளுவிசையை இரு பக்கத்து மலைகளுக்கும் கடத்திவிடுகிறது. 1969-இல் பணி தொடங்கி, 1976 பிப்ரவரி 12 அன்று பிரதமர் இந்திரா காந்தியால் தொடங்கி வைக்கப்பட்ட இந்த அணையைத் தாங்குவது கான்கிரீட் மட்டுமன்று. அம்மலைகளும் அணையின் உறுப்புகளே. மலை இடம் கொடுத்தால் வில் நிற்காது.

மலை இடம் கொடுத்த கதையும் உண்டு. தெற்குப் பிரான்சு நாட்டில் பிரேஜூஸ் என்னும் ஊருக்கு மேலே ரெய்ரான் என்ற சிற்றாற்றின் குறுக்கே மல்பாசே என்னும் வளைவு அணை கட்டப்பட்டது. அதன் உயரம் ஏறத்தாழ 66 மீட்டர். உலகப் புகழ் பெற்ற அணைப் பொறியாளர் ஆந்திரே கொய்ன் அதனை வடிவமைத்தார். மெல்லிய, அழகிய அணை அது. அடியில் கூட அதன் தடிப்பு 7 மீட்டருக்குக் குறைவே. 1954-இல் கட்டி முடிந்தது. நீர் நிறையப் பல ஆண்டுகள் ஆயின. 1959 டிசம்பர் 2 அன்று இரவு, பெருமழைக்குப் பின் நீர்த்தேக்கம் முதன்முறையாக நிரம்பிய வேளையில், அணை திடீரென உடைந்தது. வெள்ளம் பிரேஜூஸ் வரை பாய்ந்தது. நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

பின்னர் வல்லுநர்கள் ஆராய்ந்தபோது கான்கிரீட்டில் குறை காணவில்லை. அணையின் கணக்கிலும் குறை காணவில்லை. இடது கரையின் பாறைதான் அணையைக் கைவிட்டது. அப்பாறை நைஸ் என்னும் பட்டைப்பாறை. அதன் பட்டைகளின் வழியே ஒரு பலவீனத் தளமும், கீழ்ப்புறத்தில் ஒரு பிளவுத் தளமும் சந்தித்து, ஆப்பு வடிவான ஒரு பெரும் பாறைத் திரளைத் தனியே பிரித்து வைத்திருந்தன. பிளவுகளுக்குள் புகுந்த நீரின் அழுத்தம் அந்த ஆப்பை மேல்நோக்கி நெம்பியது. அணையின் தள்ளுவிசை அதனை வெளியே தள்ளியது. துண்டு துண்டாக எடுத்துச் சோதித்தால் உறுதியாகவே தோன்றக்கூடிய கல்லே அது. கேரளத்து மலைகளிலும் தமிழகத்து மலைகளிலும் நைஸ் இனப் பாறைகள் நிறைய உண்டு என்பதை நினைக்கும்போது, அந்தப் பாடம் நமக்கும் உரியதே என்பது விளங்கும்.

மல்பாசேயின் பேரிழப்பு பொறியாளர் உலகை உலுக்கிற்று. 1962-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் லியோபோல்ட் முல்லர் முதலியோரின் முயற்சியால் பன்னாட்டுப் பாறை இயக்கவியல் சங்கம் தோன்றியது. கல்லை மட்டும் சோதித்தல் போதாது, பிளவுகளோடு கூடிய பாறைத் திரள் முழுவதையும் எடைபோட வேண்டும் என்ற கருத்து அன்று முதல் வேரூன்றியது. அதற்கு முதற் கருவியாக அமைந்தது வைரத் துரப்பணம்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கூறுதல் நலம். திருச்செங்கோட்டிலிருந்து புறப்பட்டு இந்தியாவின் பல மாநிலங்களிலும் கிணறு தோண்டித் திரியும் போர்வெல் லாரிகளை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். அவை பாறையைச் சம்மட்டி போல் இடித்துத் தூளாக்கி, காற்றால் வெளியே ஊதிவிடுகின்றன. நீர் கிடைத்தால் போதும். பாறையின் வடிவம் யாருக்கும் வேண்டுவதில்லை. பாறை ஆய்வுக்குரிய துரப்பணம் அவ்வாறன்று. வளையம் போன்ற ஒரு முனையில் வைரத் துணுக்குகளைப் பதித்துச் சுழற்றுவார்கள். அது வளைய வடிவில் பாறையை அறுத்துச் செல்ல, நடுவே அறுபடாமல் நிற்கும் உருளை குழாய்க்குள் ஏறிக்கொள்ளும். பொறியாளர் இதனைக் ‘கோர்’ என்பர். நாம் துளைக்கல் என்று அழைப்போம். வழக்கமான அளவில் இதன் குறுக்களவு ஏறத்தாழ 55 மில்லிமீட்டர். உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரட்டைக் குழாய் வைத்து எடுத்தால்தான் சுழற்சியில் கல் உடையாமல் வரும்.

வெளியே வந்த துளைக்கற்களை நீண்ட பள்ளங்கள் கொண்ட பெட்டியில், எந்த ஆழத்திலிருந்து வந்ததோ அந்த வரிசையிலேயே அடுக்குவார்கள். மரத்தாலோ தகரத்தாலோ ஆன அந்தப் பெட்டியே மலையின் சாட்சிக் கூண்டு. நல்ல பாறையாயின் முழங்கை நீளத் துண்டுகள் வரிசையாகக் கிடக்கும். கெட்ட பாறையாயின் கொட்டைப் பாக்கைப் போல் சில்லுகள் குவிந்து கிடக்கும். சில இடங்களில் ஒன்றுமே வந்திராது. அங்கே ஒரு மரக்கட்டையை வைத்து, இத்தனை சென்டிமீட்டர் இழப்பு என்று எழுதி வைப்பார்கள்.

இந்தப் பெட்டியைப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்லும் முறையை 1960-களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டான் டீர் வகுத்தார். பாறைத் தர எண் என்று நாம் கூறத்தக்க அதனைப் பொறியாளர் ‘ஆர்.கியூ.டி.’ என்று குறிப்பர். முறை மிக எளிது. ஒரு முறை துளையிட்ட நீளத்தில் கிடைத்த துண்டுகளுள் 10 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ளவற்றை மட்டும் கூட்ட வேண்டும். அக்கூட்டுத்தொகை, துளையிட்ட மொத்த நீளத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று கணக்கிட வேண்டும். விடை 90-க்கு மேல் எனில் மிக நன்று. 75 முதல் 90 வரை நன்று. 50 முதல் 75 வரை நடுத்தரம். 25 முதல் 50 வரை தாழ்வு. 25-க்குக் கீழ் மிகத் தாழ்வு.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 150 சென்டிமீட்டர் ஆழம் துளையிட்டோம். 38, 27, 22, 17, 12, 8, 6, 5 சென்டிமீட்டர் நீளமுள்ள எட்டுத் துண்டுகள் கிடைத்தன. அனைத்தையும் கூட்டினால் 135. மீதி 15 சென்டிமீட்டர் காணவில்லை. ஆகவே மீட்பு விகிதம் நூற்றுக்கு 90. ஆனால் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மூன்று துண்டுகளையும் தள்ளிவிட்டால் எஞ்சுவது 116. அதனை 150-ஆல் வகுத்தால் பாறைத் தர எண் 77. கல்லெல்லாம் கிடைத்துவிட்டதென்று மகிழ்பவருக்கு 90 தெரிகிறது. பிளவுகளை எண்ணுபவருக்கு 77 தெரிகிறது.

கணக்கு எளிதாயினும் கண் நேர்மையாக இருத்தல் வேண்டும். குழாயிலிருந்து கல்லை வெளியே தட்டும்போது 17 சென்டிமீட்டர்த் துண்டு இரண்டாக உடைந்தது என்று கொள்வோம். 9 ஒன்றும் 8 ஒன்றுமாகக் கிடக்கும் அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிட்டால் விடை 66 ஆகிவிடும்; நல்ல பாறை நடுத்தரப் பாறையாகப் பதிவு பெறும். உடைந்த முகம் புதிதாக, பளிச்சென்று, இரண்டு பாதியும் கச்சிதமாகப் பொருந்துமாறு இருந்தால் அது மனிதக் கையால் நேர்ந்த உடைவு. அதனை ஒரே துண்டாகவே கணக்கிட வேண்டும். முகத்தில் துருவின் செம்மையோ களிமண் படலமோ பச்சை நிறத் தாதுவோ படிந்திருந்தால் அது மலைக்கு உரிய பிளவு. மேலும், சில பாறைகள் காற்றும் வெயிலும் பட்டவுடன் தாமாகவே வெடித்துச் சிதறும். ஆகவே துளைக்கல் வெளிவந்த உடனேயே அளந்து, நிழற்படமும் எடுத்துவிடுதல் முறை.

எல்லாவற்றினும் முக்கியமானது, பெட்டியில் இல்லாத கல். காணாமற்போன அந்த 15 சென்டிமீட்டர் எங்கே போயிற்று? பெரும்பாலும் அது மென்மையான களியாக இருந்து, துரப்பணத்துக்கு ஊற்றிய நீரில் கரைந்து ஓடியிருக்கும். உறுதியான பாறை தன் சாட்சியைத் தானே சொல்கிறது. பலவீனமான பாறை சாட்சி சொல்ல வருவதில்லை. மல்பாசேயில் நிகழ்ந்ததுபோல ஓர் அணையைக் கவிழ்க்கக் கூடியது, நூறு மீட்டர் நல்ல பாறைக்கு நடுவே உள்ள ஒரு விரற்கடை அளவுக் களிமண் படலமாகவும் இருக்கலாம். ஆதலால் ‘இழப்பு’ என்று எழுதிய மரக்கட்டையைத்தான் அனுபவமுள்ள புவியியலார் முதலில் தேடுவர்.

துளை செல்லும் திசையும் ஏமாற்றக் கூடியது. பிளவுகள் செங்குத்தாக நிற்கும் மலையில் நாமும் செங்குத்தாகவே துளையிட்டால், இரண்டு பிளவுகளுக்கு நடுவே வழுக்கிச் சென்று நீண்ட அழகிய துண்டுகளைப் பெற்று மகிழ்ந்துவிடுவோம். பிளவுக்கு இணையாகச் செல்லும் துளை பிளவைக் காணாது என்பதை 1965-இல் ரூத் டெர்சாகி என்ற அம்மையார் தெளிவாக எழுதி, அதனைத் திருத்தும் கணக்கையும் தந்தார். அதனாலேயே சாய்வான துளைகளையும் பல திசைகளில் இட வேண்டும்.

பாறைத் தர எண்ணுக்கே உரிய ஒரு குறையும் உண்டு. ஒரு பாறையில் சரியாக 11 சென்டிமீட்டருக்கு ஒரு பிளவு. மற்றொன்றில் 9 சென்டிமீட்டருக்கு ஒன்று. உண்மையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. ஆயினும் முதலாவதற்கு 100, இரண்டாவதற்குச் சுழி! அன்றியும், பிளவு எத்தனை என்று சொல்லும் இந்த எண், பிளவு எப்படிப்பட்டது என்று சொல்வதில்லை. உப்புத்தாளைப் போல் சொரசொரப்பான பிளவு ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். களிமண் பூசிய வழவழப்பான பிளவு வழுக்கிவிடும். எனவே எண்ணிக்கையோடு குணத்தையும் சேர்த்து மதிப்பிடும் முறைகள் எழுந்தன. 1973-இல் பீனியாவ்ஸ்கி ‘ஆர்.எம்.ஆர்.’ என்னும் மதிப்பெண் முறையை வெளியிட்டார். 1974-இல் நார்வே நாட்டில் பார்ட்டன் முதலியோர் ‘கியூ’ முறையை வகுத்தனர். பின்னர் எவர்ட் ஹூக் என்பவர் ‘ஜி.எஸ்.ஐ.’ எனப்படும் புவியியல் வலிமைச் சுட்டெண்ணைக் கொண்டுவந்தார்.

இவற்றுள் கடைசியாகக் கூறியதைத் துளைக்கல்லிலிருந்தே கணக்கிடும் எளிய வழி ஒன்றை ஹூக், கார்ட்டர், டீடரிக்ஸ் ஆகியோர் 2013-இல் காட்டினர். பிளவின் குணத்துக்கு 0 முதல் 30 வரை மதிப்பெண் கொடுக்க வேண்டும். அதனை ஒன்றரையால் பெருக்கி, பாறைத் தர எண்ணில் பாதியைக் கூட்டினால் சுட்டெண் கிடைக்கும்.

இரண்டு பாறைகளை ஒப்பிடுவோம். இரண்டும் ஒரே இனக் கல். சோதனைச் சாலையில் நசுக்கினால் இரண்டும் 120 மெகாபாஸ்கல், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1,200 கிலோ தாங்குகின்றன. முதற் பாறையில் தர எண் 90. பிளவு முகங்கள் சற்றே சொரசொரப்பாக, நெருக்கமாக இருப்பதால் குண மதிப்பெண் 20. சுட்டெண் 30-உம் 45-உம் சேர்ந்து 75. இரண்டாம் பாறையில் தர எண் 50. பிளவுகள் தேய்ந்து வழவழத்து, மெல்லிய களி படிந்திருப்பதால் குண மதிப்பெண் 10. சுட்டெண் 15-உம் 25-உம் சேர்ந்து 40.

இப்போது விளைவைக் காண்க. ஹூக், பிரவுன் ஆகியோரின் வலிமைக் கணக்கின்படி, வெடி வைத்துக் கெடுக்காத நிலையில், முதற் பாறைத் திரளின் வலிமை கல்லின் வலிமையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அதாவது 30 மெகாபாஸ்கல். இரண்டாவதன் வலிமையோ முப்பதில் ஒரு பங்கு; வெறும் 4 மெகாபாஸ்கல். ஹூக்கும் டீடரிக்ஸும் 2006-இல் தந்த சூத்திரத்தின்படி, முதற் பாறை தன் கல்லின் விறைப்பில் நூற்றுக்கு 82 பங்கைத் தக்கவைத்துக்கொள்கிறது. இரண்டாவது 16 பங்கை மட்டுமே. கல்லின் குணகம் 60 ஜிகாபாஸ்கல் என்று கொண்டால், ஒன்றுக்கு 49. மற்றொன்றுக்கு 10-க்கும் சற்றுக் குறைவு. கல் ஒன்றே, மலைகள் இரண்டு.

வளைவு அணைக்கு இந்த ஐந்து மடங்கு வேறுபாடு எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு தோள் விறைப்பாகவும் மற்றொரு தோள் நெகிழ்வாகவும் இருப்பின், நீர் ஏறும்போது ஒரு பக்கம் ஐந்து மடங்கு அதிகமாக அமுங்கும். வில் முறுக்குண்டு, எதிர்பாராத இடத்தில் விரியும். பாறை மெலிந்ததாக இருப்பதைவிட, இரு கரைகளும் ஒவ்வாமல் இருப்பதே பல வேளைகளில் பெருந்தீங்கு. முன்னரே தெரிந்தால் மெலிந்த இடத்தைத் தோண்டி அகற்றிக் கான்கிரீட் நிரப்பலாம். சிமெண்டுக் குழம்பைப் பிளவுகளில் செலுத்தலாம். வடிகால் துளைகள் இட்டு நீரழுத்தத்தைக் குறைக்கலாம். இல்லையேல் வளைவு அணையே வேண்டாம் என்று எடை அணைக்கு மாறலாம். தெரியாதபோதுதான் மருந்தில்லை.

ஆயினும் இவை கணிப்புகளே, தீர்ப்புகள் அல்ல. பீனியாவ்ஸ்கியின் மதிப்பெண் 70 பெறும் ஒரு பாறைக்கு அவருடைய சூத்திரம் 40 ஜிகாபாஸ்கல் என்று கூறும். 1983-இல் செராபிம், பெரைரா ஆகியோர் தந்த சூத்திரம் அதே பாறைக்கு ஏறத்தாழ 32 என்று கூறும். மதிப்பெண் 50-க்கு இறங்கினால் பின்னவர் சூத்திரம் 10 என்றும், 30-க்கு இறங்கினால் 3 என்றும் சொல்லும். ஆகவே பெரிய அணையாயின் மலைக்குள் சிறு சுரங்கம் குடைந்து, அங்கே எஃகுத் தட்டை நீரழுத்தக் கருவியால் பாறையின் மேல் அழுத்தி, அமுங்குவதை நேரே அளப்பார்கள். துளைக்குள் அழுத்தத்தோடு நீரைச் செலுத்தி, எவ்வளவு நீரைப் பாறை குடிக்கிறது என்று பார்க்கும் லூஜன் சோதனையும் செய்வார்கள். இவை செலவு மிக்கவை. சில இடங்களில் மட்டுமே இயலும். எங்கே செய்ய வேண்டும் என்று வழிகாட்டுவது துளைக்கற்பெட்டியே.

இனித் திருவனந்தபுரத்து நிலத்துக்கு வருவோம். இம்மாவட்டத்தின் அடித்தளம் கொண்டலைட், சார்னக்கைட் என்னும் மிகப் பழமையான பாறைகளால் ஆனது. சார்னக்கைட் என்ற பெயர் நமக்கு அயலன்று. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் சென்னைப் பக்கத்துப் பல்லாவரம் பகுதியின் பாறை இனமே என்று கண்டு, ஹாலந்து என்ற புவியியலார் அப்பெயரை இட்டார். இந்தப் பாறைகள் சிதையாத நிலையில் மிக உறுதியானவை. ஆனால் பல இலட்சம் ஆண்டுகளின் மழையும் வெப்பமும் இங்கே மேற்பகுதியை உருமாற்றிவிட்டன. மேலே வீடு கட்ட அறுத்தெடுக்கும் வெட்டுக்கல். அதன் கீழே மென்மையான களி. அதற்கும் கீழே பாதி சிதைந்த பாறை. பின்னரே உறுதிப் பாறை. நகருக்கு வடக்கே தோன்னய்க்கல் பகுதியில் உள்ள வெள்ளைக் களிமண், ஒரு காலத்தில் கொண்டலைட்டாக இருந்த பாறை சிதைந்து உண்டானதே.

இத்தகைய நிலத்தில் துரப்பணக்காரரை ஏமாற்றுவது உருண்டைப் பாறை. சிதைந்த களிக்கு நடுவே சிதையாத பாறாங்கற்கள் புதைந்து கிடக்கும். துளை அதில் மோதி, ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் நீளத்துக்கு அழகிய துளைக்கல் வந்தவுடன், ‘அடிப்பாறை வந்துவிட்டது’ என்று நிறுத்திவிட்டால் போயிற்று. அதன் அடியில் மறுபடியும் களி இருக்கலாம். எனவே பாறை தென்பட்ட பின்னும் பல மீட்டர் ஆழம் தொடர்ந்து துளையிட வேண்டும். பாலராமபுரம், விழிஞ்ஞம் இடையே திட்டமிட்டுள்ளது போன்ற சுரங்கப் பாதைக்கு இது மேலும் பொருந்தும். கூரை களியிலும் தரை பாறையிலும் அமையும் இடமே சுரங்கத்துக்கு மிகக் கடினமான இடம். மேலே மக்கள் குடியிருக்கும் வீடுகள் உள்ளபோது, கீழே பாறை எவ்வளவு அமுங்கும் என்ற எண் வெறும் ஏட்டுக் கணக்கன்று. அது சுவரில் விழும் விரிசலின் கணக்கு.

துளைக்கல் நன்றாக இருந்தால் அச்சமே இல்லையோ எனில், அதுவும் முழு உண்மையன்று. இதனைக் கோலார் தங்கவயல் தமிழரைவிட நன்கு அறிந்தவர் யார்? தமிழகத்திலிருந்து சென்று தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தவர்கள், சாம்பியன் ரீப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் வரை இறங்கினர். அவ்வளவு ஆழத்தில் மேலுள்ள நிலத்தின் பாரம் பாறையை இடைவிடாது நெருக்கிக்கொண்டிருக்கும். பிளவே இல்லாத விறைப்பான பாறை, அந்த நெருக்கத்தைத் தன்னுள் சேமித்து வைத்து, சுரங்கம் குடைந்தவுடன் வெடியோசையோடு சிதறும். பாறை வெடிப்பு என்னும் அந்நிகழ்ச்சியில் எத்தனையோ தொழிலாளர் உயிரிழந்தனர். பிளவற்ற பாறைக்குத் தர எண் உயர்வாகவே வரும். ஆனால் நெருக்கத்தைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது. நார்வேயின் ‘கியூ’ முறையில் நெருக்கத்துக்கென்று தனி மதிப்பு சேர்க்கப்பட்டிருப்பது இதனாலேயே. 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் அந்தத் தங்கவயலிலேயே தோன்றியது. 2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன. அங்கே உயிர் கொடுத்துக் கற்ற பாடம் மூடப்படவில்லை.

தொகுத்துக் கூறின்: கல்லின் வலிமையைக் கொண்டு மலையை எடைபோடுதல் தவறு. துளைக்கல்லின் துண்டுகளை அளந்து தர எண் காணலாம். பிளவின் குணத்தையும் சேர்த்தால் சுட்டெண் கிடைக்கும். அதிலிருந்து வலிமையும் உருமாற்றமும் கணிக்கலாம். கணிப்பை நேர்ச் சோதனையால் சரிபார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் அடிப்படை, மழையிலும் வெயிலிலும் துரப்பணத்தின் அருகே நின்று, வந்த கல்லை வரிசை மாறாமல் அடுக்கி, வராத கல்லை மறைக்காமல் எழுதி வைக்கும் தொழிலாளியின் நேர்மை. ஒரு துண்டு இடம் மாறினாலும், ஓர் இழப்பு எழுதப்படாமல் போனாலும், பின்னர் எழும் கணக்கெல்லாம் பொய்யாகிவிடும். அத்தொழிலில் ஊர் விட்டு ஊர் சென்று உழைப்போரில் நம்மவர் பலர். அவர்கள் அடுக்கும் பெட்டியின் மேல்தான் அணைகள் நிற்கின்றன. அவ்வணைகளுக்குக் கீழேதான் ஊர்கள் உறங்குகின்றன.